காலையில் விழுங்கிய மாத்திரை

“எனக்க ரத்தத்தை எடுத்து எனக்கே ஊசி போடப் போறாவ. இதுல நீ எதுக்குலே பயப்படுத?”

காதைத் தீட்டிக்கொண்டேன். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ரத்தம் எடுக்கும் மேசைக்கான வரிசை. எனக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒருவர், கூடவே அவர் மனைவியின் தம்பி. ஊன்றுகோல்காரர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஒடிந்த கால் எலும்பு மாதக்கணக்காகக் கூடவில்லை.

“அத்தான், ரத்தத்தை மெஷின்ல சுத்தி பிளேட்லெட்டைத் தனியா எடுப்பாவ. அதுதான் ஒடிஞ்ச இடத்துல போய் எலும்பை வளர்க்க மத்த செல்லை எல்லாம் கூப்பிடும். வலி மாத்திரை தின்னா அது மந்தமாயிரும்னு டாக்டர் சொன்னாருல்லா? காலையில தின்னிருக்கிய.”

“தின்னாம எப்பிடிலே பஸ் ஏற? இன்னைக்குத் தள்ளிப் போட்டா கிரேன்ல வேற ஆளு ஏறிருவான். வாயைத் திறக்காத.”

வலிக்கு மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா என்று நர்ஸ் கேட்டார்.

“இல்ல சிஸ்டர்.” கையை நீட்டினார்.

“உண்டு சிஸ்டர். இன்னைக்குக் காலையில,” என்றான் மச்சினன்.

நர்ஸ் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“லேய், நீ எனக்க மச்சினனா, டாக்டருக்க மச்சினனா?”