ஞாயிற்றுக்கிழமைத் துவையல்

— அது என் நேரம், குனில்லா. ஞாயிறு காலை பத்து மணி எங்க வீட்டு நேரம். இந்தப் பொது மெஷின்ல இருக்கற உங்க துணியை எடுங்க.

— தண்ணி உள்ள போயிடுச்சேப்பா ஹோக்கன், இப்பப் போய் எப்படி எடுக்கறது? முதல்ல அந்தக் கூடையைக் கீழ வை, கை வலிக்கும்.

— வலிக்கட்டும். இந்தக் கட்டடத்துல அடுத்தவங்க துவைக்கிற நேரத்தைத் தொடறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியாம என்ன? அடுத்தவ புருஷனைக் கூட்டிட்டுப் போனாக்கூட மன்னிச்சிடுவாங்க, துவைக்கிற நேரத்தை எடுத்தா மன்னிக்க மாட்டாங்க. ஆனா பாரு, சீட்டு எழுதிக் கதவுல ஒட்டாம நேர்ல வந்து கேக்கறே பாரு, இந்தக் கோத்தன்பர்க் ஊர்ல நான் குடிவந்த நாள்லேருந்து ஒருத்தரும் அப்படிச் செஞ்சதில்லை. உனக்கு நிஜமாவே கோவம்தான்.

— ஒட்டிட்டுத்தான் உள்ள வந்தேன். நீங்க இங்கயே உக்காந்திருப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?

— அடப்பாவி. என்னன்னு எழுதினே?

— அதை விடுங்க. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? என் பொண்டாட்டி லோத்தா வியாழக்கிழமையே எங்களுக்குப் பதிஞ்சு வெச்சிட்டா.

— நானும் முறைப்படிதான் பதிஞ்சேன். நேரம் பதியறதுக்குன்னு நீ எழுதின இணையப் பக்கத்துலதான். நேத்து ராத்திரி அழுத்தினேன், என் பேர் ஏறிச்சு, நன்றின்னுகூட வந்துச்சு.

— வரவே வராது. ஒருத்தர் எடுத்த நேரத்துல மத்தவங்களுக்குப் பட்டனே தெரியாத மாதிரி எழுதியிருக்கேன். இல்லாத பட்டனை எப்படி அழுத்தினீங்க?

— இருந்துச்சேப்பா. எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு, படமெல்லாம் ஓரத்துக்கு ஓடிப்போச்சு. பட்டன் மட்டும் பச்சைப் பசேல்னு நடுவுல நின்னுச்சு.

— எந்த பிரௌசர்ல பாத்தீங்க?

— பழசுலதான்.

— எவ்வளவு பழசு?

— போன கூட்டத்துல பேர் சொல்லித் திட்டினியே, அதுதான்.

— கடவுளே. அதையா இன்னும் வெச்சிருக்கீங்க? இணையப் பக்கம்னா இப்படித்தான் எழுதணும், பிரௌசர்னா அதை இப்படித்தான் படிச்சுக் காட்டணும்னு உலகத்துல இருக்கறவங்க எல்லாம் உக்காந்து பேசி ஒரு முறை வெச்சிருக்காங்க. மத்த பிரௌசர் எல்லாம் கேக்குது. அந்தக் கிழம் மட்டும் கேக்காது. நான் பட்டனை மறைன்னு எழுதினா, அது காதுலயே போட்டுக்காது.

— காது கேக்காதவங்களும் துணி துவைக்கணும்ல? அதுக்கும் புரியற மாதிரி எழுத வேண்டியதுதானே?

— எழுத மாட்டேன். அதுக்குன்னு தனியா ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத்தான் பழைய ஆபீஸ்ல என் பாதித் தலைமுடி போச்சு. வெளிய வந்தப்ப சபதம் போட்டேன், இனிமே முறைப்படிதான், ஒரு வரிகூட அதுக்காக எழுதறதில்லைன்னு.

— சபதமெல்லாம் சரி. ஒருத்தர் எடுத்த நேரத்தை இன்னொருத்தர் கேட்டா, கெடையாது போன்னு சொல்ல உள்ள ஒண்ணும் வைக்கலையா?

— பட்டனே தெரியாதப்ப யாரு வந்து கேக்கப் போறாங்க?

— அது சரி. கதவுக்குத் திரையைப் போட்டுட்டு, தாழ்ப்பாள் எதுக்குன்னு விட்டுட்டே.

— இருங்க இருங்க. அப்படின்னா கடைசியா யார் அழுத்தறாங்களோ அவங்க பேர்தான் நிக்கும். மேல் வீட்டு எக்லுண்ட் குடும்பம் போர்வையும் கையுமா இங்க வந்து ஏமாந்து நின்னது, மூணாம் மாடியில பேச்சுவார்த்தை நின்னுபோனது, எல்லாம் உங்க ஒருத்தர் பிரௌசராலயா?

— என் ஒருத்தியாலயா? சரி, அப்படியே வெச்சுக்கோ.

— சிரிக்காதீங்க. சாயங்காலம் நாலு மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். என் இணையப் பக்கத்தைத் தூக்கிட்டு, மறுபடி அந்தச் சுவத்துப் பலகையில ஆளுக்கொரு பூட்டு மாட்டி நேரம் பிடிக்கற பழக்கத்துக்கே போயிடலாமான்னு ஓட்டு எடுக்கறாங்க. பக்கத்துத் தெருக்காரங்க வேற வந்து உக்காந்து பாக்கப் போறாங்க, அவங்க கட்டடத்துக்கும் இதை வாங்கலாமான்னு. இருந்த வேலையை விட்டுட்டு இதை நம்பி இறங்கியிருக்கேன், குனில்லா. இன்னைக்குத் தோத்தா, திரும்பவும் அந்த ஆபீஸ்ல போய் ஒட்டுப் போட்டுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

— ஏம்ப்பா பயப்படறே? என் ஓட்டு உனக்குத்தான். ஏலக்கா பன்னுகூடச் சுட்டு வெச்சிருக்கேன்.

— அது போதாது. எக்லுண்ட் எழுந்து நின்னு, என் நேரம் எப்படிப் போச்சுன்னு கேப்பார். சரி, இன்னும் நேரமிருக்கு. நான் மேல போய் எழுதிடறேன்.

— என்னத்தை?

— அந்தக் கிழத்துக்கும் புரியற மாதிரி. சபதம் போனாப் போகுது. உள்ள தாழ்ப்பாளும் போட்டுடறேன். பாவம், பழைய கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க? உங்களை மாதிரி ஆளுங்களை நான் யோசிச்சிருக்கணும். தப்பு என்னோடது.

— அய்யோ, வேணாம்பா.

— ஏன் வேணாம்?

— எங்கிட்ட புது பிரௌசரும் இருக்கு. பேங்க், பேப்பர், பேத்தி போட்டோ எல்லாம் அதுலதான். துணி துவைக்க மட்டும் பழசு.

— தெரிஞ்சேவா செய்யறீங்க?

— நான் மட்டும்னா தப்புன்னு சொல்லலாம். இந்தக் கட்டடத்துல பாதி வீட்டுல அதான் நடக்குது. சனிக்கிழமை ராத்திரி ஆளாளுக்கு முழிச்சிருந்து அழுத்தறோம். நீ தாழ்ப்பாள் போட்டேன்னு தெரிஞ்சா அத்தனை பேரும் பலகைக்கு ஓட்டுப் போட்டுடுவாங்க. போடலைன்னா, எக்லுண்ட் ஒருத்தர் கத்திட்டுப் போவார், உன் பக்கம் ஜெயிச்சிடும். பக்கத்துத் தெருக்காரங்களும் வாங்கிடுவாங்க. பேசாம ஒரு பன்னைச் சாப்பிட்டுட்டு உக்காரு.

— ஏமாத்து வேலைக்குத்தான் என் பக்கம் பிடிச்சிருக்கா எல்லாருக்கும்?

— அப்படியும் சொல்லலாம். பாக்கவும் அழகா இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

— முடியாது. தோத்தாலும் சரி, எழுதத்தான் போறேன். கூட்டத்துல நின்னு சொல்லுவேன், இந்தக் கட்டடத்துல ஒரே ஒரு வீடாவது நேர்மையாப் பதிஞ்சுதுன்னு. நாங்க வியாழக்கிழமை ஒரு தடவை பதிவோம், அதோட சரி. மூணு மாசமா ஒரு ஞாயிறு தவறாம எங்களுக்குக் கிடைச்சுது. முறைப்படி நடந்தா கிடைக்கும்கறதுக்கு நாங்களே சாட்சி.

— ஹோக்கன்.

— என்ன?

— நல்ல பிள்ளையா அந்தக் கூடை மேல உக்காரு. ஒரு ஞாயிறுகூடத் தவறாம எப்படிக் கிடைச்சுதுன்னு என்னிக்காவது யோசிச்சியா?

— லோத்தா பொறுப்பானவ. அவதான் பாத்துக்கறா.

— ரொம்பப் பொறுப்பு. அந்தப் பழைய பிரௌசரை வீடு வீடா வந்து போட்டுக் குடுத்தவளே அவதான்பா. நேத்து அவளுக்கு ஆஸ்பத்திரியில நைட் டூட்டி, கடைசியா அழுத்த முடியலை, அதான் இன்னிக்கு எனக்குக் கிடைச்சுது.