கேட்கும் உரிமை

ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எனக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு புரூஃப் சார் வீட்டு அழைப்புமணியை அழுத்தும்போது என் கையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். அவர் அதை வாங்கியதும் பிரிக்க மாட்டார். மூக்கை ஒட்டிப் பிடித்து, மேலே அச்சடித்திருப்பதைப் படிப்பார். விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சிவப்புப் பேனாவால் சேர்ப்பார். அதற்கப்புறம்தான் தட்டு வரும்.

முப்பத்தோரு வருடம் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தியவர். மாடிப்படி அறிவிப்பு, மின்கட்டண ரசீது, டாக்டர் எழுதிய சீட்டு எதையும் விட்டுவைத்ததில்லை. நல்ல மனிதர். இதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் நான் சொல்லப்போவதை வைத்து எங்களுக்குள் ஏதோ பகை என்று நினைத்துவிடக் கூடாது.

நான் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுத்துவந்தாள். மொத்தம் பதினொரு புத்தகங்கள். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் புரூஃப் சாருக்குத்தான் போன் செய்வாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம்கூடப் பேசுவாள். கேட்டால், "ழகரப் பிரச்சினை" என்பாள்.

அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. வீட்டில் சும்மா கேட்கிற குரலைக் காசு கொடுத்து வேறு கேட்கணுமா என்று கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் பத்தே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. கொஞ்ச காலம் கழித்து என் போனில் தேடிப் பார்த்தேன். அவள் குரலில் மூன்று செய்திகள் இருந்தன. இரண்டு, பால் வாங்கிவரச் சொல்லி. ஒன்று, பால் வேண்டாம் என்று.

ஒலிப்புத்தகங்களை வாங்கலாம் என்று செயலியைத் திறந்தால் அவை விற்பனையில் இல்லை. பதிப்பகத்தோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். முன்பே வாங்கியவர்கள் மட்டும் கேட்கலாம், புதிதாக யாரும் வாங்க முடியாது. ஒலிப்பதிவுக்கூடத்தைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் டயர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம்தான் புரூஃப் சார் கடைக்கு வந்தார். பவர் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கண்ணாடியால் சரிசெய்யக்கூடிய கட்டத்தை அவர் கண்கள் தாண்டியிருந்தன. அதைச் சொன்னபோது பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

"பரவால்ல சார். படிக்க முடியலன்னா என்ன, கேக்கறேன். உங்க வீட்டம்மா படிச்ச பதினொண்ணும் எங்கிட்ட இருக்கு. தினமும் மத்தியானம் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

தினமும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் ஆரம்பித்தன. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி எனக்கு. டேப்லெட்டில் ஹெட்ஃபோனை மாட்டி, அத்தியாயத்தை எடுத்துக்கொடுத்துவிட்டு, எதிரே சாய்வு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு மணி நேரம் நான் கேட்பேன். மற்ற ஆறு நாட்களும் அவள் அவரோடு இருந்தாள்.

டேப்லெட்டை எடுத்துப்போக அவர் விடவில்லை. பார்வை மங்கிய மனிதருக்கு அது ஒன்றுதான் துணை, எனக்குப் புரிந்தது. கடவுச்சொல்லைக் கேட்டேன். தயங்கினார். இரண்டு வீட்டில் ஒரே கணக்கைத் திறந்ததற்காக அவருக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கையே மூடிவிட்டார்களாம். "எல்லாம் போயிடும் சார். உங்களுக்கும் இல்லாம, எனக்கும் இல்லாம." போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்துப் பதிவு செய்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் அவள் குரலுக்குக் குறுக்கே அவருடைய மூச்சு. அவருக்கு ஆஸ்துமா. ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் விசில் மாதிரி அந்த மூச்சு ஏறி இறங்கியது. ஒரே அறையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருப்பது போலக் கேட்டது. அழித்துவிட்டேன்.

முறைப்படியே செய்வோம் என்று ஒருநாள் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தோம். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம், அவரும் பக்கத்தில் இருந்தார். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"சார், அவர் வாங்கினது புத்தகம் இல்ல. கேக்கற உரிமை. அது அவருக்கு மட்டும்தான்."

"நானே குடுக்கறேன்னு சொல்றேனேம்மா," என்றார் புரூஃப் சார். "காகிதப் புத்தகமா இருந்தா இந்நேரம் எடுத்து இவர் கையில குடுத்திருப்பேன். உங்ககிட்டக் கேட்டுக்கிட்டா நிப்பேன்?"

"புரியுது சார். ஆனா மாத்த முடியாது."

"அவர் இறந்துபோனா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

"வாரிசுன்னு யாரையாவது பதிவு பண்ணியிருந்தா, சான்றிதழ் பாத்துட்டு அவருக்கு ஒரு தடவை மாத்தித் தருவோம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு உதவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

புரூஃப் சார் விழுந்து விழுந்து சிரித்தார். அது இருமலில் போய் முடிந்தது. "பாருங்க சார், உயிரோட இருக்கறவன் குடுத்தா தப்பாம். செத்தவன் குடுத்தா சரியாம்." அன்றைக்கே, அந்த நாற்காலியில் இருந்தபடியே, என்னை வாரிசாகப் பதிவு செய்தார். பெயரைத் தட்டச்சு செய்தது நான். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்த்தது அவர். நான் கேட்கவே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கியவன் தன் பொருளை இன்னொருவனுக்குக் கொடுக்க விட்டிருந்தால் இந்த விஷயம் அந்தப் போனிலேயே முடிந்திருக்கும். அவர் இன்றைக்கும் எங்காவது ஒரு போஸ்டரில் சந்திப்பிழை பார்த்துக்கொண்டிருப்பார். இதைத்தான் நேற்றிலிருந்து உங்களிடம் சொல்லிவருகிறேன்.

அவர்மேல் சந்தேகம் இருந்ததா என்று கேட்டீர்கள். சந்தேகம் என்பது பெரிய வார்த்தை. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பதினொன்றையும் ஏன் ஒருவர் வாங்க வேண்டும்? அதில் மூன்று சமையல் புத்தகங்கள். அவர் டீ தாண்டி எதுவும் போடத் தெரியாதவர். ஒன்று கர்ப்பிணிகளுக்கான ஆலோசனை. ஒருநாள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.

"எல்லாத்தையும் எதுக்கு சார் வாங்கினீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நல்ல குரல் சார்," என்றார். அப்புறம், "டீ போடறேன்," என்று எழுந்து போய்விட்டார்.

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டே பிழைக்கிறவன் நான். பதிலுக்கு முன்னால் வருகிற தயக்கத்தை வைத்தே பவரைச் சொல்லிவிடுவேன். புரூஃப் சார் அன்றைக்குத் தயங்கிய தயக்கம் ஒரு விஷயத்தை மறைக்கிற தயக்கம். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதுவரைக்கும் நான் கணித்தது சரிதான். பின்னால் பார்ப்பீர்கள்.

ஒன்பதாவது புத்தகத்தில் ஒரு இடத்தில், இரண்டு வரிகளுக்கு நடுவில், அவள் லேசாகச் சிரிக்கிறாள். வெட்டாமல் விட்டுவிட்டார்கள். எழுத்தில் சிரிப்பு இல்லை, அவரிடமே கேட்டேன். இல்லை என்றார். பிறகு யாரைப் பார்த்துச் சிரித்தாள்? அந்த இடத்தை இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் எதிர் நாற்காலியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

அவரிடம் இரண்டு இன்ஹேலர்கள் இருந்தன. ஒன்று கட்டில் பக்கத்து மேசையில், இன்னொன்று வெளியே போகும் பையில். தீர்ந்துபோனவற்றையும் தூக்கிப்போட மனமில்லாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். பழையதும் புதியதும் கண்ணுக்கு ஒரே மாதிரி. அதுவும் அவர் கண்ணுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டீ போடும்போது மேசையில் இருந்ததை மாற்றி வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையில் இருந்ததை. நடுவில் ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆகாமலே இருந்திருக்கலாம். நான் எதையும் கட்டாயப்படுத்தவில்லை.

எடுத்த இரண்டையும் கடை இழுப்பறையில் வைத்திருந்தேன். நீங்கள் கண்டெடுத்தவை அவைதான். ஏன் ஒழிக்கவில்லை என்று உங்கள் ஆள் ஆச்சரியப்பட்டார். முழுசாக மருந்து இருக்கிற பொருளைக் குப்பையில் போட எனக்குக் கை வராது.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பையில் இருந்ததை மாற்றி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்து வீட்டில் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். தூசி ஜன்னல் வழியாக வந்தது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று அவர் கேட்டார். காற்று வரட்டும் சார் என்றேன். நான் பதினொன்றாவது புத்தகத்தில் ஏழாவது அத்தியாயத்தில் இருந்தேன். அவர் எழுந்து மேசைக்குப் போனார். அழுத்தினார், குலுக்கினார், மறுபடி அழுத்தினார். பைக்குப் போனார். பிறகு என்னிடம் வந்தார்.

எனக்குக் கேட்டிருக்காது, ஹெட்ஃபோன் போட்டிருந்தேன் என்று முதல் நாள் வாக்குமூலத்தில் இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் என் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். அதுவரைக்கும் அவர் என்னை சார் என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. தோளைத் தொட்டார். அந்த மூச்சு அவள் குரலுக்குக் குறுக்கே வந்தது. நான் ஒலியைக் கூட்டிக்கொண்டேன். அத்தியாயம் முடிய இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அவருடைய அக்கா மகளுக்குப் போன் செய்தேன்.

அந்தப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அழுதுகொண்டேதான் வந்தாள். ஆனால் மேசையில் இருந்ததைக் கையில் எடுத்துக் குலுக்கியதும் அழுகை நின்றுவிட்டது. எட்டாம் நாள் இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று வேண்டும் என்று நான் போய் நின்றபோதுதான் கேட்டாள்.

"எதுக்கு சார் உங்களுக்கு?"

சொன்னேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

"மாமாவுக்குப் புது இன்ஹேலர் நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவர் போறதுக்கு ஒம்பது நாள் முன்னாடி." என் முகத்தையே பார்த்தாள். "ஒம்பது நாள்ல அது எப்படி சார் தீரும்?"

"ஜாஸ்தியா யூஸ் பண்ணியிருப்பார்ம்மா," என்றேன்.

நகலைக் கொடுத்தாள். பின்னாலேயே உங்களிடமும் வந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நீங்கள் வருவதற்கு மூன்று நாள் முன்பு கணக்கு என் பெயருக்கு மாறிவந்தது. காலையில் கடையைத் திறக்காமல் உட்கார்ந்தேன். என் சொந்த ஹெட்ஃபோன், என் வீடு. குறுக்கே யாருடைய மூச்சும் இல்லை. முதல் புத்தகத்தைத் தொட்டபோது பக்கத்தில் 'வாங்கிய விவரம்' என்று இருந்தது. அவர் என்றைக்கு வாங்கினார் என்று பார்க்கத் தோன்றியது. அந்தக் கேள்வி எனக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது.

அவர் வாங்கவில்லை. வாங்கியது என் மனைவி. பரிசு என்று போட்டிருந்தது. பெறுநர் என்ற இடத்தில் என் மின்னஞ்சல் முகவரி. எனக்குத்தான் அனுப்பியிருக்கிறாள். அதற்குக் கீழே: 'முப்பது நாட்களில் ஏற்கப்படவில்லை. கொடுத்தவரின் கோரிக்கைப்படி வேறொருவருக்கு மாற்றப்பட்டது.' பதினொன்றுக்கும் அதே வரிதான். ஒவ்வொரு புத்தகம் வெளிவந்த அன்றும் எனக்கு அனுப்பியிருக்கிறாள், முப்பது நாள் காத்திருந்திருக்கிறாள், பிறகு அவருக்கு மாற்றியிருக்கிறாள். பழைய அஞ்சல்களைத் தேடினேன். பதினொன்றும் இருந்தன, திறக்காமல். ஏதோ விளம்பரம் என்று விட்டிருப்பேன்.

புரூஃப் சாருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஜன்னலைப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மறைக்கிற தயக்கம் என்று நான் கணித்தது சரிதான் என்று சொன்னேனே, அது இதுதான்.

அன்றையிலிருந்து யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்று இருந்தேன், இப்போதுதான் தெளிகிறது. கொடுத்த பரிசை இன்னொருவருக்கு மாற்ற அவர்கள் அனுமதித்திருக்கக் கூடாது. அனுமதிக்காமல் இருந்திருந்தால் பதினொன்றும் என் பெயரிலேயே கிடந்திருக்கும். நான் எப்போது வேண்டுமானாலும் கேட்டிருப்பேன். அந்த மனிதர் வீட்டு வாசலை மிதிக்க வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

ஆகையால் முன்னால் நான் சொன்னதையும் திருத்திக்கொள்ளுங்கள். மாற்ற விடாததால் இது நடந்தது என்று சொன்னேன். அது என் பிழை. மாற்ற விட்டதால்தான் நடந்தது. இவ்வளவுதான் நான் சொல்ல இருந்தது. கையெழுத்து எங்கே போட வேண்டும்?