கடைசிப் பத்தியில் ஒரு ஜன்னல்

குளிர்காலம் வந்துவிட்டால் எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதுதான் வேலை. இந்த முறை சூரியன் வாரக்கணக்கில் தலைகாட்டவில்லை. பிழியாத துணி மாதிரி வானம். தடித்த பயண நூல் ஒன்று படித்தேன். எழுதியவர் வீட்டை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டார் என்பது என் சந்தேகம். மதிப்புரையில் அதை நாசூக்காகச் சொன்னேன். மற்ற நேரமெல்லாம் பாடகியம்மாவின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்பது அந்தம்மாவைப் பற்றித்தான் என்று தெரியும், சார். வருகிறேன். சரக்கை விரிக்காமல் விலை சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

நாங்கள் துணிக்கடைக்காரர்கள். அப்பா விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்வார். "அநியாயமா சொல்றீங்களேண்ணே" என்று வந்தவர் புலம்பினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் வந்தவரே இறங்கி வருவார். அந்தப் பொறுமை அப்பா கொடுத்தது. ரசனை நானாகச் சம்பாதித்தது.

பத்திரிகைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேர்பெற்றவர்கள் வயதாகிப் படுத்தால் அஞ்சலிக் கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பாடகியம்மாவை நுரையீரல் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தபோது ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "யோவ், இதை நீதான் எழுதணும். ஊரையே அழ வெச்சுடு."

எழுதினேன். பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். என் கையிலிருந்து அப்படி ஒன்று அதற்குமுன் வந்ததில்லை. கடைசிப் பத்தியில், ஜன்னல் திறந்திருக்கிறது, பனிக்காற்று உள்ளே வருகிறது, தன் பழைய பாட்டைக் கேட்டபடி, ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தம்மா கண்மூடுகிறார். ஆசிரியர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "ஜன்னல் கின்னல் எல்லாம் அப்புறம் சரிபாத்துக்க" என்றார்.

பாடகியம்மா பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அழைத்து வந்து அவருடைய தங்கை பார்த்துக்கொண்டார். பழங்களோடு போனேன். அந்தம்மாவுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை, குறும்பு மட்டும் குறையவில்லை.

"என்ன தம்பி, எனக்கு எழுதி வெச்சுட்டியாமே? நல்லா வந்திருக்கா?"

"உங்களப் பத்தி எழுதினா நல்லா வராம போகுமாம்மா?"

"அப்போ நான்தான் லேட்டு."

சிரித்தார். தங்கை அவர் வாயைப் பொத்தினார். குளிர் விட்டதும் மறுபடி மேடையேறப் போவதாகச் சொல்லி, எனக்காக இரண்டு வரி பாடிக் காட்டினார். குரல் உடைந்தது, நடுவில் காற்றாகப் போனது. நான் கைதட்டினேன்.

அன்று வீட்டுக்கு வந்து இசைத்தட்டைப் போட்டேன். இந்தக் குரலை மறந்துவிட்டு அந்த உடைந்த குரலை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளுமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சரக்கு நன்றாக இருக்கும்போதே யாராவது கடையைச் சாத்த வேண்டாமா? கட்டுரைக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அது உங்கள் தவறு.

குளிர்காலச் சிறப்பிதழ் அச்சுக்குப் போகும் நாள். சாலையெல்லாம் உறைந்துகிடக்கிறது, பேருந்துகள் சரியாக ஓடவில்லை என்று காலையில் வானொலியில் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை மருந்து வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் வர்ற வரைக்கும் அக்காவோட இருக்கீங்களா?"

"நிதானமா போயிட்டு வாங்கக்கா. நான் எங்க போகப்போறேன்."

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தேன். கம்பளிகளை உருவி, கடையில் மடிப்பது போல மடித்து, எட்டாத தூரத்தில் நாற்காலி மேல் வைத்தேன். பாட்டைப் போட்டேன். அறைக்கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். என் கட்டுரையில் பொய் இருக்கக் கூடாது, சார். அந்தப் பெயரை நான் கெடுத்துக்கொண்டதில்லை.

அச்சுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே மூச்சு இழுப்பது இன்னும் கேட்டது. அச்சகம் யாருக்காகவும் காத்திருக்காது. கைபேசியிலேயே கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். ஆசிரியர் நல்ல மனுஷர். படித்த கையோடு ஆறுதல் சொல்லத் தங்கையின் கைபேசிக்குக் கூப்பிட்டுவிட்டார். தங்கை அப்போதுதான் மருந்துக்கடை வாசலில் நின்றிருக்கிறார். "யாரு போயிட்டா? அக்காவா? காலைல சூப்பு உப்புன்னு என்னத் திட்டினாளே!" என்றாராம். உறைந்த தெருவில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது கட்டுரை உண்மையாகியிருந்தது.

அதைப் படித்தீர்களா? கடைசி வரை? ஊரே அழுததாகச் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். நீங்கள் எழுதும் வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தம்மா பேசாமல் போகவில்லை. கூப்பிட்டார். "தம்பி, குளுருதுப்பா. அந்த ஜன்னலச் சாத்தேன்." திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நான் அப்பாவைப் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கூப்பிட்டது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சுருதியிலேயே வந்து நின்றது. பிசிறில்லை, உடையவில்லை. இசைத்தட்டில் இருக்கும் அதே குரல்தான், சார்.

அது கட்டுரையோடு ஒட்டாது.