ஆறு நாள் வேலை

குருநகரில் மீன்பிடிக்கத் தடை போட்டுப் பல மாதங்களாகியிருந்தன. மண்ணெண்ணெய்க்காகச் சங்கக்கடை வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற செபமாலைக்காரப் பெண், பக்கத்தில் நின்ற பொட்டு வைத்த பெண்ணிடம் சொன்னாள்:

“என்ரை மனுசன் நல்ல வலையைக் கத்தியாலை வெட்டுறார், அக்கா.”

“விசரே பிள்ளை அந்தாளுக்கு?”

“நானும் அப்பிடித்தான் ஏசினன். கடலுக்குத்தான் போகேலாதே. திங்கக்கிழமை வெட்டிப்போட்டு, சனி வரைக்கும் இருந்து அதையே பின்னிப் பொத்துறார்.”

“ஏனாம்?”

“ஞாயிறு எங்களுக்கு ஓய்வுநாளெல்லே. ஆறு நாளும் சும்மா கிடக்கிறவனுக்கு ஏழாம் நாள் என்ன ஓய்வெண்டு கேக்கிறார்.”

அக்கா சிரிக்கவில்லை. வெறும் போத்தலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்?”

“வலையைச் சுருட்டி வைச்சிட்டுப் பூசைக்கு வருவார். மத்தியானம், முந்திக் கடலாலை வந்து படுக்கிற மாதிரி, குறட்டை விட்டு நித்திரை. சும்மா இருந்த மாசங்களிலை கண்ணே மூடாத மனுசன், அக்கா.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

“இப்பவும் ஏசிறியோ?”

“இல்லை. இந்தத் திங்கள் கத்தியை நானே தீட்டிக் குடுத்தன்.”