பரமபத அட்டையில் ஒரு வெறுங்கட்டம்

தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் வேணுகோபால் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, பூலாம்பாடியிலிருந்தும் வாலிகண்டபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து அமர்ந்திருப்பவர்களே, உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அச்சகர் ராசாங்கம் அவர்கள் இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. பெரம்பலூரில் ஒரு கல்யாணப் பத்திரிகையாவது, ஒரு கருமாதிப் பத்திரிகையாவது அவர் கைபடாமல் வெளிவந்ததுண்டா? அவருடைய கருமாதிப் பத்திரிகையைத்தான் வேறோர் அச்சகத்தில் அடிக்க வேண்டியிருந்தது. நான் அரியலூரில் வரலாறு கற்பிக்கிறவள். விடுமுறை நாட்களில் அவருக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுத்தவள். புகழ்ந்து பேசிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வைகுண்ட ஏகாதசிக்கு நம் வீடுகளில் விரித்து ஆடும் பரமபத அட்டையை அவர்தான் அச்சிட்டார். எந்த ஏணிக்கு எந்தப் பக்தன், எந்தப் பாம்புக்கு எந்த அரக்கன் என்று இங்கே சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பாம்பு இருக்கும். அதன் வாயில் காய் மாட்டினால் அடிக்கட்டத்துக்கு இறங்க வேண்டும். அவர் கைக்கு வந்த பழைய மர பிளாக்கில், அந்த அடிக்கட்டத்தில், இழிபிறவிக்கு அடையாளமாக ஒரு சாதியின் பெயர் செதுக்கியிருந்தது. அது அவருடைய சாதி. அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

பல வருடங்கள் அதை அப்படியே அச்சிட்டார். பிறகு ஒரு கார்த்திகை மாதத்தில் உளியை எடுத்து அந்தப் பெயரைச் செதுக்கித் தள்ளினார். வெறுமையாக விடாதீர்கள், புழு என்று போடுங்கள் என்றேன் நான்.

“புழுன்னு போட்டா அதுக்கு அடியில பழைய பேரு தெரியும், சாந்தா டீச்சர். சும்மா கெடக்கட்டும்” என்றார்.

ஒரு கட்டத்தின் பெயர் போனால் என்ன ஆகிவிடும்? எதுவும் ஆகாது என்றுதான் படித்தவளாகிய நான் நினைத்தேன். இதோ அமர்ந்திருக்கும் நம் தலைவர் வேணுகோபாலே தம் பாடாலூர்க் கடையிலிருந்து நேரே அச்சகத்துக்கு வந்தார்.

“என்னய்யா ராசாங்கம், பாம்பு கடிச்சு எறங்குனா வெறுங்கட்டத்துல நிக்குது? விழுந்தவனுக்கு எங்க விழுந்தோம்னு தெரிய வேணாமா?”

“விழுந்தது தெரியுதுல்ல, அது போதாதா?”

“ஆட்டத்துல உப்பே இல்லைங்கிறாங்கய்யா. கடையில நின்னு கத்துறாங்க.”

அவருடைய அக்கா இருசம்மாள் வாலிகண்டபுரத்திலிருந்து வந்து வேறு விதமாகச் சொன்னார். “எதுக்குடா தம்பி இந்த வம்பு? ஆடுறவங்க ஆடிட்டு மடிச்சு வெச்சுடுவாங்க. நீ அவங்களுக்கு நடுவுலதான குடியிருக்கணும்?”

புது அட்டை அடிப்பதற்கு முன், ஐப்பசியில், விற்காததையும் வேண்டாமென்று வந்ததையும் கடைகள் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பும். முதல் வருடம் அப்படி வந்த அட்டைகளில் அந்த வெறுங்கட்டம் வெறுமையாக இல்லை. மக்கள் அதை நிரப்பியிருந்தார்கள். ஒருவர் தம் சம்பந்தியின் பெயரை எழுதியிருந்தார். ஒருவர் பக்கத்து வயல்காரரின் பெயரை எழுதியிருந்தார். ராசாங்கம் சிரித்தார். “பாருங்க டீச்சர், கீழ தள்ளுறதுக்கு ஆளாளுக்கு ஒரு ஆளு வெச்சிருக்காங்க.”

அடுத்த வருடம் வந்த அட்டைகளில் ஒரே பெயர்தான் இருந்தது. ராசாங்கம். பேனாவில், பென்சிலில், அடுப்புக்கரியில், ராசாங்கம். யாரோ விஷமம் செய்கிறார்கள், விடுங்கள் என்றேன். அவர் அட்டைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒரே கையா இருந்தா பயமில்ல. எல்லாம் வேற வேற கை, டீச்சர்.”

இந்த ஐப்பசியில் அச்சகத்து வாசலில் ஒரு சாக்கு இருந்தது. எந்தக் கடை அனுப்பியது என்று எழுதியிருக்கவில்லை. அவர் மனைவி செங்கமலம் அருகில்தான் நின்றார். “எத்தனை பேருக்குப் புடிக்கலன்னு பாப்பம்” என்று கயிற்றை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார் ராசாங்கம். உள்ளே அட்டைகளும் இருந்தன, ஒரு கண்ணாடி விரியனும் இருந்தது. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பாம்புக் கட்டத்தில் கை வைத்தான், பாம்பு விடுமா என்று ஊர் பேசுகிறது. இங்கே வரும்போது பஸ்ஸிலும் கேட்டேன். பேசியவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. மழைக்காலத்தில் விரியன் எங்கும் வரும், எதற்குள்ளும் நுழையும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நுழைந்த பிறகு சாக்கின் வாயை வெளியிலிருந்து இறுக்கிக் கட்ட விரியனுக்குத் தெரியுமா? தெய்வத்துக்குத்தான் கயிறு தேவைப்படுமா? அந்தக் கயிறு இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. கட்டியவர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்தில் சிலருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தும் மாலையோடு வந்திருக்கிறார்கள்.

போன வாரம் சிலர் செங்கமலத்தைப் பார்க்கப் போனார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். “பழையபடியே அந்தப் பேரப் போட்டுடுங்க. மொத்த அட்டையையும் நாங்களே எடுத்துக்கறோம். இதோட முடிஞ்சுடும்.”

செங்கமலம் கேட்டார்: “போடலன்னா?”

அவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனார்கள்.

அன்று மாலை அவர் என்னிடம் வந்தார். அச்சகத்தை விற்றுவிட்டுப் போங்கள் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. அவர் கேட்டது வேறு. “மெய்ப்பு பாத்துக் குடுப்பீங்களா, டீச்சர்?”

மறைந்த ராசாங்கம் அவர்களுக்கு நாங்கள் தரும் உறுதி இதுதான். வரும் ஏகாதசிக்கு அட்டை வரும். அடிக்கட்டம் வெறுமையாகவே இருக்கும். இந்த வருடம் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறோம். அட்டையின் அடியில் அச்சிட்டவர் செங்கமலம் என்றும், மெய்ப்பு பார்த்தவர் சாந்தா என்றும் தெளிவாகப் போட்டிருக்கிறோம். அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு யாருக்காவது ஒரு பெயர் வேண்டுமென்றால், இனி நீங்கள் தேட வேண்டியதில்லை.