சால்வைக் கடையில் விழுந்த ஷெல்

விசில் சத்தம் கேட்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. நின்றால் ஷெல் தலைக்கு மேலே என்று அர்த்தம்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

தமிழில்தான் கத்துகிறேன். இந்தப் பஜாரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் விழுந்ததைப் பார்த்துச் சிலர் விழுகிறார்கள். வெடிக்கிறது. மஞ்சள் மூட்டைகள் கிழிகின்றன. வாய்க்குள் மஞ்சள்தூள், மணல், வேறு யாருடையதோ இரத்தம். துப்புகிறேன். போகவில்லை.

வன்னியில் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவள் நான். கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தபின் இந்தச் சத்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஸெய்னப் என்னோடு மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்பவள். அவளுடைய ஊர் பாலைவனத்து எல்லையில். நீலக் கூரைப் பள்ளிவாசல்கள். முடிவில்லாத கடைத்தெரு. சண்டை ஓய்ந்துவிட்டது என்றார்கள். தாயைப் பார்க்கப் புறப்பட்டாள். என்னையும் கூப்பிட்டாள். போனேன்.

முதல் ஷெல் விழும்போது தாய் ஹலீமா எனக்காகச் சால்வை பேரம் பேசிக்கொண்டு நின்றா. இரண்டாவது ஷெல் அந்தக் கடையில் விழுந்தது. இழுத்தெடுத்தோம். தலை என் மடியில். மூச்சில்லை. ஸெய்னப் தாயின் முகத்துத் தூசியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மொன்றியலுக்குத் திரும்பி வந்தோம். இல்-பிசார் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழா. தெரிந்த அண்ணை ஒருவர். ஒரு கையில் ரோல்ஸ், மறுகையில் போன்.

"நீர் போன ஊர் இதுதானே, மலர்? பாரும். நல்ல கிளியரா எடுத்திருக்கிறாங்கள்."

யாரோ மாடியில் நின்று எடுத்த வீடியோ. ஹலீமாவின் தலை. அதைத் தாங்கிய மடி. வீடியோவுக்குக் கீழே சிரிக்கிற இமோஜிகள், ஆயிரக்கணக்கில்.

"அது என்ர மடி, அண்ணை."

மென்றுகொண்டிருந்தவர் விழுங்கினார்.

"அப்ப நீர் எடுத்த வீடியோவும் இருக்கோ?"

அவருடைய வாயோரத்து எண்ணெயைப் பார்க்க முடியவில்லை. தட்டைக் குப்பையில் கொட்டினேன். கோட்டைக்கூடப் போடாமல் வெளியே வந்தேன். பஸ் இல்லை. பனியில் வாந்தி எடுத்தேன்.

ஸெய்னப் அந்த வீடியோவைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

என் வலது காது கேட்காமல் போய்விட்டது.

அந்தக் கடை வரிசையில் செத்தவர்கள் பதினொரு பேர். எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஹலீமா. சால்வைக் கடைக்காரர் நூர். மற்றவர்களின் பெயரைக் கேட்க நின்றேன். எங்களை ஏற்ற வந்த வான் ஹோர்ன் அடித்தது. ஏறிவிட்டேன். ஒன்பது பேருக்கு என்னிடம் பெயரில்லை.