மலைமட்டம் நடுத்தெருவில் நின்றது குறித்துச் சேணம் தைப்பவர் சொன்னது

பெயரும் முகவரியும் மேல் தாளில் கொடுத்தபடியே. வயது நாற்பத்தாறு. தொழில், குதிரைக்குச் சேணமும் வாரும் தைப்பது. என் மனைவி லாடம் அடிப்பவள். வீட்டின் முன்பக்கம் என் பட்டறை, பின்பக்கம் அவளுடைய உலையும் ஒரு சின்ன லாயமும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குதிரை உதைத்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அது காரணமே இல்லாமல் உதைத்தது என்று ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதை வைத்து அந்தக் குதிரையை நகராட்சிப் பட்டியில் அடைத்து, ஆபத்தான பிராணி என்று ஊசி போட்டுக் கொன்றுவிட ஏற்பாடு ஆகியிருக்கிறது. நான் சொன்னது பொய். அதை மாற்றிச் சொல்ல இன்று நானாகவே வந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, என் மனைவி பேசாமல் இருப்பதை மிரட்டல் என்று கணக்கில் எடுத்துக்கொண்டால் ஒழிய.

மேற்படி குதிரை மலைமட்டம் என்கிற குட்டை இனம். குதிரை வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் மலைமட்டம் என்றால் சண்டி என்றுதான் சொல்வார். நட என்றால் நிற்கும், காலைத் தூக்கு என்றால் ஊன்றும். இதை ஒரு செங்கல் சூளைக்காரர் லாடம் அடிக்கக் கொண்டுவந்தார். மூன்று ஆள் சேர்ந்து பிடித்தும் அது காலைத் தூக்கவில்லை. அதன் பிறகு அவர், "இந்தச் சனியனை நீங்களே வெச்சுக்கங்க, ஆளை விடுங்க" என்று கயிற்றை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு என் மனைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தொடாமல், அதோடு பேச ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, குதிரை தானாகவே முன்னங்காலைத் தூக்கி அவள் மடியில் வைத்திருந்தது. அதற்கு ராசா என்று பெயர் வைத்தாள். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை அவள் "இந்தாங்க", "கேக்குதா" என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. ஒரு குதிரை மேல் பொறாமைப்படுகிறானே, இவனும் ஒரு ஆம்பளையா என்று நீங்கள் நினைக்கலாம், நானே நினைத்தேன், நினைத்ததால் எரிச்சல் குறையவில்லை. என் பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து அதற்கு முதுகுப் போர்வை தைத்தாள். அதுவும் என் பட்டறையிலேயே, என் நூலிலேயே. நான் ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். "எவ்வளவு நேரம்தான் அதோட மல்லுக்கட்டுவே? அது சண்டி. ரத்தத்திலேயே ஊறினது." அதற்கு அவள், "சண்டி இல்லீங்க. மத்த குதிரைங்க பயந்தா ஓடும், இது பயந்தா நிக்கும். மலைப் பாதையில ஓடினா பள்ளம்தானே? நின்னு யோசிக்கும், யோசிச்சு முடிச்சா நடக்கும்" என்றாள். "நான் யோசிச்சா மட்டும் சோம்பேறிங்கறே" என்றேன். "நீங்க யோசிச்சு முடிச்சு நான் பாத்ததே இல்லியே" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மலைமட்டம் சண்டிதான் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அப்போதே மனதில் முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு அந்தக் குதிரைக்கு வண்டிச் சேணம் ஒன்று தைக்கும்படி அவளே கேட்டாள். தைத்தேன். நெஞ்சுப்பட்டை தைத்துக்கொண்டிருந்த சாயங்காலம், பின்பக்கத்தில் அவள் குதிரையிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. என்னிடம் சொல்லாத எந்தச் சிரிப்புக் கதை அதனிடம் சொல்ல இருக்கிறது என்று காதைத் தீட்டிக் கேட்டேன், வார்த்தை பிடிபடவில்லை. அந்த ஆத்திரத்தில் ஊசியை அழுத்தினேன், உடைந்தது. எங்கள் தொழிலில் ஊசி உடைந்தால் இரண்டு துண்டையும் மேஜையில் பொருத்திப் பார்த்த பிறகுதான் அடுத்த தையல் போட வேண்டும். என்னிடம் வேலை பழக வந்த எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். அன்று காதுப்பக்கத் துண்டு என் கையில் இருந்தது, முனைப்பக்கத் துண்டைக் காணோம். கீழே விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு வேறு ஊசி எடுத்துத் தைத்து முடித்துவிட்டேன். தேடவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

சம்பவத்தன்று என் மனைவி வேறொரு லாயத்துக்கு லாடம் அடிக்கப் போயிருந்தாள். நான் குதிரைக்குப் புதுச் சேணத்தை மாட்டி, சிறிய வண்டியில் பூட்டி, கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனேன். வேலை ஒன்றும் இல்லை. என் கைக்கு அது அடங்குகிறதா என்று பார்க்கத்தான் போனேன். வாசலைத் தாண்டியதிலிருந்தே அது தயங்கித் தயங்கித்தான் நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள திருப்பத்தில், பிள்ளைகளை விட்டிருந்த நேரத்தில், நடுத்தெருவில் நின்றுவிட்டது. அதட்டினேன், நகரவில்லை. இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தேன், நகரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவர், "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, உங்களால ஆகாது" என்றார். அந்த ஒரு சொல் போதும். அதன் பிறகு நான் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, கொக்கி உள்ள முனையால், பின்னங்காலுக்குப் பக்கத்தில் நின்று அதை அடித்தேன். எத்தனை அடி என்று நினைவில்லை. அது ஒரே ஒரு உதை உதைத்தது. இடது விலாவில் இரண்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. நான் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தேன்.

நான் விழுந்த பிறகு குதிரை ஒரு அடிகூட நகரவில்லை. முன்னால் போகவில்லை, பின்னால் வரவில்லை. பின்னால் வந்திருந்தால் சக்கரம் என் மேல் ஏறியிருக்கும். முன்னால் பாய்ந்திருந்தால் பிள்ளைகள் நடுவில் பாய்ந்திருக்கும். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து, "வேற குதிரையா இருந்தா இந்நேரம் எத்தனை உசிரு போயிருக்கும் தெரியுமாய்யா?" என்று என்னைத் திட்டினார். அவரை விசாரித்தால் அவரும் சொல்வார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி என் மனைவி வந்தாள். வந்தவள் என்னைத் தாண்டி நேராகக் குதிரையிடம் போனாள். அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுப்பட்டையை அவிழ்த்து, வண்டியை விலக்கிய பிறகுதான் என்னிடம் வந்தாள். விழுந்தவனைத் தூக்குவதற்கு முன்னால் குதிரையைப் பிடிக்க வேண்டும் என்பது குதிரைத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், நான் கட்டின பெண்டாட்டி நான் மூச்சு விட முடியாமல் கிடக்கும்போது முதலில் அதனிடம்தான் போனாள் என்பது மட்டுமே என் மண்டையில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு உங்கள் ஏட்டையா வந்து கேட்டபோது, காரணமே இல்லாமல் உதைத்தது, மலைமட்டமே அப்படித்தான் என்று சொன்னேன். பெல்ட்டால் அடித்ததைச் சொல்லவில்லை. சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு குதிரையைப் பட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் மனைவி தினமும் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், முதுகில் தலையணை வைத்தாள், கட்டு மாற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நேற்று காலை பட்டியிலிருந்து வந்தவள், குதிரையின் நெஞ்சில் ஒரு புண் சீழ் வைத்திருப்பதாகவும், டாக்டர் அதை முள் குத்தியது என்று எழுதியிருப்பதாகவும் சொன்னாள். அதன் பிறகு ஆணியில் தொங்கிய நெஞ்சுப்பட்டையை எடுத்து என் முன்னால் வைத்து, "தடவிப் பாருங்க" என்றாள். தடவினேன். கம்பளித் திணிப்புக்குள்ளிருந்து ஊசி முனை என் விரலில் ஏறியது. அந்தக் குதிரை எங்கள் வாசலிலிருந்து பள்ளிக்கூடத் திருப்பம் வரைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அதை வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறது. முடியாமல் போனபோது நின்றிருக்கிறது.

நான் அவளைப் பார்த்து, "நீயே போய்ச் சொல்லிடேன்" என்றேன். அதற்கு அவள், "நான் சொன்னா பாசத்துல சொல்றான்னுவாங்க. ராசாவுக்குத்தான் வாய் இல்ல. உங்களுக்கு இருக்கில்ல?" என்றாள். அதன் பிறகு உள்ளே போய்த் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன், பையின் வாரை இழுத்துக் கட்டினாள். இப்போது இந்த ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பையோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

மலைமட்டம் சண்டியா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. மற்ற குதிரை ஓடுகிற இடத்தில் அது நிற்கிறது, அவ்வளவுதான், அதற்குப் பெயர் வைத்தது நம்மைப் போன்றவர்கள். குதிரை மேல் குற்றம் இல்லை. ஊசி என்னுடையது, பெல்ட் என்னுடையது. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். குதிரையை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அதன் மேல் இப்போதும் பொறாமைதான். போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். விட்டபின் அவள் அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவாளா, அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்புவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லமாட்டாள். தெரியாமலேதான் இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

மேலே எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள், எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
சேணம் தைப்பவர்